சாமுவேலைப் பற்றிப் பேசப் போகிறீர்களா? முதலில் அந்த மூன்று வசனங்களை வாசியுங்கள்

சென்ற மாதம் எங்கள் சபையில் புதிதாகப் பிரசங்கம் பழகுகிறவர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான்கு பேர் பேசினார்கள். நால்வருக்கும் சாமுவேல் தீர்க்கதரிசிதான் பொருள். அவர்களில் மூன்று பேர், இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நான் விழுந்த அதே குழியில், அதே இடத்தில், அதே உற்சாகத்தோடு விழுந்தார்கள். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏலியையும் எலியாவையும் குழப்பிக்கொள்வது, சீலோவை எருசலேம் என்று சொல்லிவிடுவது போன்றவற்றைப் பற்றி நான் பேசப் போவதில்லை. முன்வரிசைப் பாட்டிமார் அவற்றைத் திருத்திவிடுவார்கள்.

இரவுக் குரலோடு கதையை முடித்துவிடுவது

இரவில் தன்னைக் கூப்பிடும் குரல் கேட்டு, சிறுவன் சாமுவேல் மூன்று முறை ஆசாரியனாகிய ஏலியிடம் ஓடுகிறான். நான்காம் முறை கர்த்தரிடம், "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்கிறான். இங்கே கண்ணை மூடி ஜெபித்து முடித்துவிடுகிறார்கள். ஞாயிறு பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அது போதும். பெரியவர்களுக்குப் போதாது. அவன் கேட்ட செய்திதான் என்ன? ஏலியின் குமாரர்களான ஓப்னியும் பினெகாசும் செய்த அக்கிரமத்தை அறிந்திருந்தும் தகப்பன் அவர்களை அடக்கவில்லை. அதற்காக அந்த வீடு தண்டிக்கப்படும். சாமுவேல் என்ற தீர்க்கதரிசியின் கையில் கொடுக்கப்பட்ட முதல் வார்த்தை, பிள்ளைகளைக் கண்டும் காணாமல் விட்ட ஒரு தகப்பனைப் பற்றியது. அதைச் சொல்லப் பயந்து விடியும்வரை படுத்துக் கிடந்தான். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

"அப்போது அவனுக்கு 12 வயது"

அது யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிய கணக்கு. வேதாகமத்தில் வயது இல்லை.

முதல் சாமுவேல் புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தை நாலாம் வசனத்தில் தொடங்குவது

என் கோபமெல்லாம் இதன்மேல்தான்.

வழக்கமான பிரசங்கம் இப்படிப் போகும். இஸ்ரவேலின் மூப்பர்கள் சாமுவேலின் ஊரான ராமாவுக்கு வந்து எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று கேட்கிறார்கள். நன்றியற்ற ஜனங்கள். வாழ்நாள் முழுவதும் தங்களுக்காக உழைத்த தலைவரைத் தள்ளிவிட்டார்கள். ஆகவே, அன்பான சபையாரே, உங்கள் தலைவர்களைக் கேள்வி கேட்காதீர்கள். ஆமென்.

நானும் இதைத்தான் பேசினேன், நாற்பது நிமிடம். அப்போது எங்கள் சபையில் கட்டட நிதிக் கணக்கைக் கேட்டு மூன்று பேர் கடிதம் கொடுத்திருந்தார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் அவர்களை மனதில் வைத்துப் பேசவில்லை. மனதில் வைத்துப் பேசினேனா இல்லையா என்பதை யார் கேட்டார்கள்? சபை முழுவதும் திரும்பி அந்த மூவரையும் பார்த்தது. அவர்களில் ஒருவர் மறுவாரம் முதல் வரவில்லை. ஆராதனை முடிந்தபின் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி, உங்கள் வேதாகமத்தில் எட்டாம் அதிகாரத்துக்கு முதல் மூன்று வசனங்கள் அச்சாகவில்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அச்சாகித்தான் இருந்தன. சாமுவேல் முதிர்வயதானபோது தன் குமாரர்களான யோவேலையும் அபியாவையும் நியாயாதிபதிகளாக வைத்தார். அவர்கள் பெயெர்செபாவில் இருந்தார்கள். தகப்பன் வழியில் நடக்காமல், "பொருளாசைக்குச் சாய்ந்து, பரிதானம் வாங்கி, நியாயத்தைப் புரட்டினார்கள்." மூப்பர்கள் வந்ததும் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: நீர் முதிர்வயதானீர், உம்முடைய குமாரர் உம்முடைய வழிகளில் நடக்கிறதில்லை. ராஜா என்ற பேச்சு அதற்குப் பின்னால்தான் வருகிறது. அவர்கள் கொண்டுவந்தது ஒரு லஞ்சப் புகார்.

அந்தப் புகாரை யாரும் பொய் என்று சொல்லவில்லை. சாமுவேலும் சொல்லவில்லை, கர்த்தரும் சொல்லவில்லை. சாமுவேலுக்குத் தகாததாகப் பட்டது, ராஜாவை ஏற்படுத்தும் என்ற வார்த்தை. குமாரர்களைப் பற்றி அந்த அதிகாரம் முழுவதிலும் அவர் வாய் திறக்கவில்லை. ஏலியாவது தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பயனில்லாவிட்டாலும், கண்டித்தார். சாமுவேல் கண்டித்ததாக ஒரு வரிகூட இல்லை.

கொஞ்சம் நிலவியலும் பாருங்கள். சாமுவேல் வருடந்தோறும் சுற்றி நியாயம் விசாரித்த ஊர்கள் பெத்தேல், கில்கால், மிஸ்பா. மூன்றும் நாட்டின் நடுப்பகுதியில் இருந்தவை. பெயெர்செபாவோ தென்கோடி. "தாண் முதல் பெயெர்செபா மட்டும்" என்றால் நாடு முழுவதும் என்று பொருள். அவர் தீர்க்கதரிசி என்ற பேர் தாண் முதல் பெயெர்செபா மட்டும் பரவியது என்று மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. பேர் எட்டிய அந்தக் கடைசி ஊருக்கு அவருடைய சுற்றுப்பயணம் எட்டவில்லை. பிள்ளைகள் கெட்டது அங்கேதான்.

இன்னொன்று, தமிழில் வாசிக்கும்போது காதில் விழாதது. பரிதானம் 'வாங்கி' என்று நாம் படிப்பதும், ராஜா உங்கள் குமாரரை 'எடுப்பான்' என்று படிப்பதும் எபிரெயத்தில் 'லாகாக்' என்ற ஒரே வினைச்சொல். ராஜா என்ன செய்வான் என்று சாமுவேல் எச்சரிக்கும் இடத்தில் அது நான்கு முறை வருகிறது: குமாரரை எடுப்பான், குமாரத்திகளை எடுப்பான், வயல்களை எடுப்பான், வேலைக்காரரை எடுப்பான். பன்னிரண்டாம் அதிகாரத்தில் விடைபெறும்போது, யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன் என்று அதே சொல்லால் மூன்று முறை கேட்கிறார். நீர் ஒன்றும் வாங்கவில்லை என்று ஜனங்கள் சாட்சி சொல்கிறார்கள். அவரைப் பற்றி அது உண்மை. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு முந்திய வசனத்தில், "என் குமாரர் உங்களோடிருக்கிறார்கள்" என்று அவரே சொல்கிறார். வேறு விளக்கம் ஒன்றும் இல்லை. அந்த வாக்கியத்தை எத்தனை முறை வாசித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இதற்காக மூப்பர்களைப் புனிதர்களாக்கிவிடாதீர்கள். "என்னைத்தான் தள்ளினார்கள்" என்று கர்த்தர் சொல்வதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. அவர்கள் சொன்ன நோய் மெய், கேட்ட மருந்துதான் தவறு. இரண்டையும் சேர்த்துச் சொல்ல உங்களுக்கு நேரமில்லை என்றால் அன்றைக்கு வேறு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் பல சபைகள் பின்பற்றும் மூன்றாண்டு வாசிப்பு அட்டவணையும் இந்த அதிகாரத்தை நாலாம் வசனத்தில்தான் தொடங்குகிறது. அட்டவணை சொன்னது என்று என்னிடம் சாக்குச் சொல்லாதீர்கள். மூன்று வசனம் மேலே கண்ணை ஓட்ட அரை நிமிடம் ஆகாது.

எபெனேசர்

அது சாமுவேல் நிறுத்திய ஒரு கல். ஆலயத்துக்குப் பெயர் வைத்தது நாம்.

சவுலைக் கண்டித்தவரை மட்டும் காட்டுவது

கீழ்ப்படியாத முதல் ராஜா சவுலிடம் "பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல்" என்று விரலை நீட்டும் சாமுவேலை எல்லாருக்கும் பிடிக்கும். அந்தக் காலைக்கு முந்திய இரவு முழுவதும் அவர் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார் என்பதைச் சொல்லாமல் அந்த விரலை நீட்டக் கூடாது. அதற்குப் பிறகும் சவுலுக்காகத் துக்கித்தார். வேறொரு ராஜாவை அபிஷேகம்பண்ணப் பெத்லெகேமுக்குப் போ என்றால், சவுல் கேள்விப்பட்டு என்னைக் கொன்றுபோடுவானே என்று பயந்தார். போன இடத்திலும் தாவீதின் மூத்த அண்ணன் எலியாபைப் பார்த்த உடனே இவன்தான் என்று நினைத்துத் தவறினார். "மனுஷன் முகத்தைப் பார்ப்பான்" என்ற வசனத்தை நாம் அடுத்தவருக்கு எடுத்துச் சொல்கிறோம். அது முதலில் சொல்லப்பட்டது சாமுவேலுக்கு.

இரண்டு சாமுவேல் புத்தகங்களையும் அவரே எழுதினார் என்பது

முதல் புத்தகம் 25-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே அவரை ராமாவில் அடக்கம் செய்துவிடுகிறார்கள்.

யோவேலை அங்கேயே விட்டுவிடுவது

வகுப்பு முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து, "அந்தக் குமாரர்கள் என்ன ஆனார்கள், ஐயா?" என்று கேட்டாள். நால்வரில் குழியில் விழாத அந்த ஒருத்தி. அபியாவைப் பற்றி ஒன்றும் இல்லை. முதல் நாளாகமம் ஆறாம் அதிகாரம் 33-ஆம் வசனத்தைத் திறக்கச் சொன்னேன். தாவீது பாட்டுக்கு ஏற்படுத்தியவர்களின் வம்சப் பட்டியல் அது. வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்ததால் அவள் சத்தமாகவே வாசித்தாள்: பாடகனாகிய ஏமான், அவன் யோவேலின் குமாரன், அவன் சாமுவேலின் குமாரன்.