பிராதை முதலிலேயே நிராகரிக்கக் கேட்பது எப்படி?

துணிப்பையிலிருந்து சம்மனையும் பிராதையும் (வாதி தன் வழக்கைச் சொல்லித் தாக்கல் செய்யும் மனு) எடுத்து வைத்த அந்த அம்மா, அடுத்து ரசீதுகளை என் மேசையில் பரப்பினார். "எல்லாம் பொய் சார், இதோ ஆதாரம்" என்றார். ரசீதுகளை மடித்துப் பத்திரப்படுத்தச் சொன்னேன். நான் போட நினைத்த மனுவில் அவற்றுக்கு வேலை இல்லை.

உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் கட்டளை 7, விதி 11-இன்படி மனு போட்டால், நீதிபதி பார்ப்பது வாதியின் பிராதையும் அதோடு அவர் சேர்த்த ஆவணங்களையும்தான். வாதி எழுதியது அத்தனையும் உண்மையென்றே வைத்துக்கொண்டு, அப்போதும் வழக்கு நிற்குமா என்று பார்ப்பார். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இது புரியாமல், பிரதிவாதியின் பட்டா, கிஸ்து ரசீது என்று பிரமாணப் பத்திரத்தை நிரப்பினேன். "இதெல்லாம் சாட்சி விசாரணையில் பேச வேண்டியது" என்று மனு தள்ளுபடியானது.

எனவே பென்சிலோடு பிராதைப் படியுங்கள். முதலில் 'வழக்குமூலம் எழுந்த நாள்' என்று தொடங்கும் பத்தி. வழக்குமூலம் என்றால் வழக்கு போட உரிமை தரும் நிகழ்வுகள். பிறகு ஒவ்வொரு தேதியின் கீழும் கோடு. அந்த அம்மாவின் பிராதில் கிரய ஒப்பந்தம் 2014 மார்ச். பாக்கியைக் கட்டிக் கிரயம் பெற ஆறு மாதக் கெடு. ஏற்றதை ஆற்றக் கோரி, அதாவது ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரச் சொல்லி, வழக்கு போட்டது 2024. ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து 3 ஆண்டு என்கிறது காலவரையறைச் சட்டத்தின் 54-ஆவது உறுப்பு. 2017 செப்டம்பரிலேயே காலம் முடிந்துவிட்டது. கெடுவை நீட்டித்ததாக ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தால், அது உண்மையா என்பதற்குச் சாட்சியம் தேவைப்படும். மனு நிற்பது கடினம்.

தேதிகளை மறைக்கும் எழுத்துச் சாமர்த்தியத்துக்கும் மயங்க வேண்டாம். அறிவந்தாண்டம் வழக்கில் 1977-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் இதைத்தான் சொன்னார்: பிராதைப் பொருளுணர்ந்து படிக்க வேண்டும், வழக்குமூலம் இருப்பதுபோன்ற மாயத்தோற்றமே இருந்தால் முளையிலேயே கிள்ள வேண்டும். 2020-இல் தாஹிபென் வழக்கில் உச்ச நீதிமன்றம் காலங்கடந்த பிராதை நிராகரித்தது சரியே என்றது.

நீதிமன்றக் கட்டணம் குறைவு, கேட்கும் பரிகாரத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டியது என்பவையும் விதியில் உண்டு. ஆனால் நீதிமன்றம் அவகாசம் கொடுத்து, அதற்குள்ளும் வாதி சரிசெய்யாவிட்டால்தான் நிராகரிப்பு. அதை மட்டும் நம்பி மனு போடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. அந்த நீதிமன்றத்துக்கு வழக்கை விசாரிக்கும் எல்லை அதிகாரம் இல்லையென்றால் பிராது திருப்பித் தரப்படும். அது கட்டளை 7, விதி 10. பிராதில் ஒரு பரிகாரத்தை மட்டும் வெட்டி நிராகரிக்கவும் கேட்க முடியாது.

பிரமாணப் பத்திரம் சுருக்கமாக இருக்கட்டும். பிராதின் பத்தி எண், தேதி, தடுக்கும் சட்டப்பிரிவு: இவை போதும்.

நிராகரிப்பு உத்தரவு தீர்ப்பாணைக்குச் சமம். வாதி மேல்முறையீடு செய்யலாம். காலவரையறைக்குள் இருந்தால், குறையை நீக்கி விதி 13-இன்படி புதுப் பிராதும் போடலாம். உங்கள் மனு தள்ளுபடியானால் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு.

மனு நிலுவையில் இருக்கிறதென்று எதிருரையை (பிராதுக்குப் பிரதிவாதி எழுதித் தரும் பதில்) நிறுத்திவைக்காதீர்கள். சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை என்பது கணக்கு. அந்த அம்மாவின் ரசீதுகளை இன்று காலை எதிருரையோடு வரிசையாக அடுக்கித் தைத்தேன்.