பப் மேடையில் கவிதை சொல்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கவியரங்கத்துக்கு வருகிறவர் கவிதை கேட்கத்தான் வருகிறார். குன்னூரில் சனிக்கிழமை இரவு பப்பில் உட்கார்ந்திருப்பவர், குளிருக்கு இதமாக நாலு பேரோடு பேச வந்தவர். இதை மறந்துவிட்டு மைக்கைப் பிடிப்பதுதான் முதல் தவறு.

நான் அங்கே முதலில் சொன்னது, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த என் அப்பாயியைப் பற்றிய கவிதை. நாலு வரி போவதற்குள் ஜன்னலோர மேசையில் பேச்சு கிளம்பியது. குரலை உயர்த்தினேன். அவர்களும் உயர்த்தினார்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தம்மை அறியாமலே இன்னும் உரக்கப் பேசுவார்கள்; லொம்பார்ட் விளைவு என்று இதற்குப் பெயர். அந்தப் போட்டியில் நாம் ஜெயிக்க முடியாது. அடுத்த மாதம் அதே கவிதை. பேச்சு எழுந்ததும் வரியின் நடுவிலேயே நிறுத்தி, ஒரு முழு மூச்சு விட்டு, மைக்கை நெருங்கித் தாழ்ந்த குரலில் தொடர்ந்தேன். அந்த மேசையே திரும்பிப் பார்த்தது.

அன்றைக்கும் ஒரு தவறு செய்தேன். முடித்த பிறகு இரண்டு மூன்று விநாடி கைதட்டலே இல்லை. பதறிப்போய், “அவ்வளவுதான், நன்றி” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பிறகு படிக்கட்டருகே ஒருவர் வந்து, “எங்கம்மாவும் கூடலூர் பக்கம் டேன்டீயில கொழுந்து எடுத்தவங்கதாங்க” என்றார். தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அவை. அந்த அமைதி அவருடையது. அதை நான் பாதியில் வெட்டியிருக்கிறேன். கடைசி வரிக்குப் பிறகு அப்படியே நில்லுங்கள்.

சொடக்குச் சத்தத்தையும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் ஒருவரைப் பார்த்துச் சொடக்குப் போட்டால் மரியாதைக் குறைவு. இந்த மேடைகளில் அது கவிதையைக் கலைக்காமல் தரும் பாராட்டு. ‘சீக்கிரம் முடி’ என்கிறார்களோ என்று ஓட்டமாக ஓடி முடித்த புதியவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

முன்னுரையை நீட்டாதீர்கள். ஆனால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத சொல் இருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். என் கவிதையில் ‘கவாத்து’ வரும். தேயிலைச் செடி புதிதாகத் துளிர்க்க அதன் கிளைகளை நறுக்கிவிடுவது என்று சொன்னால் போதும். கவியரங்கப் பழக்கத்தில் ஒவ்வொரு வரியையும் இருமுறை சொல்ல வேண்டாம். மிக்ஸி சத்தத்தில் முழுகிப்போன வரியை மட்டும் திரும்பச் சொல்லுங்கள். 1980-களில் சிகாகோவில் பிறந்த ஸ்லாம் என்னும் மேடைக் கவிதைப் போட்டிகளில் மூன்று நிமிடம்தான் வழக்கமான அளவு. பப்புக்கும் அதுவே சரி.

மைக்கின் தலையைக் கையால் பொத்தினால் ஸ்பீக்கர் கீச்சிடும்; தண்டைப் பிடியுங்கள். குளிரில் கை நடுங்கினால் தாளும் நடுங்கும், அதனால் கெட்டி அட்டை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நடுக்கம் போக ஒரு பெக் போடலாம் என்று நினைக்காதீர்கள். நாக்கு குழறும், வெந்நீர் போதும். போதையில் யாராவது கத்தினால் பதிலுக்குப் பேச வேண்டாம், கடைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம், உங்கள் முறை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். உங்களைக் கேட்டவர்களில் பாதிப் பேர் அடுத்து மேடை ஏறப்போகிறவர்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் நடத்துகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.