சாப்பாட்டு நேரத்தில் போடாதீர்கள்: ஓரத்தில் நிற்கும் மாணவர்களின் குறும்படங்களைப் பல்கலைக்கழக விழாவில் திரையிடும் முறை

கல்லூரி விழாக்களில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தலித் மாணவர்கள், மலைவாழ் மாணவர்கள், திருநர், மாற்றுத்திறனாளிகள், பனியன் கம்பெனித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எடுத்த படங்களைச் 'சிறப்புப் பிரிவு' என்று தனியே கட்டி, பகல் ஒரு மணிக்குப் போட்டுவிடுவார்கள். அந்நேரம் கூட்டமெல்லாம் அரிசிம்பருப்பு சோற்று வரிசையில் நிற்கும். அழைப்பிதழில் பெயர் இருக்கும், அரங்கில் ஆள் இருக்காது. இந்த ஓரவஞ்சனை நடப்பது விண்ணப்பப் படிவத்தில், நேர அட்டவணையில், ஒலிக் கம்பியில், பஸ் காசில். வரவேற்புரையில் எவ்வளவு உருகினாலும் அது தீராது.

நாளும் நேரமும்

பருவத் தேர்வுகளையொட்டி விழா வைத்தால் படம் அனுப்புகிறவர்களே வரமாட்டார்கள். பொங்கல் நோம்பி கழிந்து, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிறு விடுமுறை. மகள் எடுத்த படத்தைப் பார்க்க அம்மா வர முடிகிற ஒரே நாள் அதுதான்.

ஞாயிறு என்றால் வேலை கூடும். அரங்கச் சாவி, வாயிற்காவலர், கழிப்பறை துப்புரவு, ஜெனரேட்டர் இயக்குபவர் நான்குக்கும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஞாயிறு கிடைக்காமல் வேறு கிழமைக்குப் போனால், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று விழுகிறதா என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தேதியை அச்சடியுங்கள். அந்தத் தடை காலையில் போனால் மாலைக்குத்தான் திரும்பும்.

காட்சிகளைக் காலை 11 முதல் 12.30 வரை, பகல் 2 முதல் 3.30 வரை என இரண்டாக வையுங்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. தாளவாடிக்குப் போகிறவர்களுக்குத் திம்பம் மலைப்பாதையில் இரவு வாகனக் கட்டுப்பாடு வேறு. மாலை ஆறு மணிக்குப் பரிசளிப்பு வைத்தால் மலையிலிருந்து வந்தவர் தன் பெயரைக் கூப்பிடும்போது பஸ்ஸில் இருப்பார். தவிர்க்க முடியாவிட்டால் விடுதியில் ஒரு இரவு தங்கும் அறை ஏற்பாடு செய்து, அதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கேட்டால் கொடுப்போம் என்று விட்டால் கேட்கமாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இந்தப் படங்களைத் தனிப்பிரிவாக ஒதுக்காமல் மற்றப் படங்களோடு கலந்து போடுவது. துணைவேந்தரும் சிறப்பு விருந்தினரும் உட்கார்ந்திருக்கும் காட்சியில் பாதிக்குக் குறையாமல் இவை இருக்கட்டும்.

படம் கேட்பது

விழாவுக்குப் பன்னிரண்டு வாரம் முன்பே அறிவிப்பு போய்விட வேண்டும். காட்சித் தொடர்பியல் துறைகளுக்கு மட்டும் அனுப்பினால் கேமரா வைத்திருக்கிற அதே முகங்கள்தான் திரும்ப வரும். அரசு கலைக்கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், ஆதிதிராவிடர் நல விடுதிகள் என்று அறிவிப்புப் பலகை உள்ள இடமெல்லாம் ஒட்டுங்கள். கூடவே ஒரு நிமிட வாட்ஸ்அப் குரல் பதிவும் போகட்டும். 'கைப்பேசியில் எடுத்தது போதும், நுழைவுக் கட்டணம் கிடையாது, எந்த மொழியும் சரி' என்ற மூன்றும் அதில் முதல் வாக்கியமாக வர வேண்டும். கொங்கில் அருந்ததியர் வீடுகள் பலவற்றில் தெலுங்கு, தாளவாடியில் கன்னடம், நீலகிரியில் படுகு மொழியும் இருளர் மொழியும், திருப்பூரில் இந்தியும் ஒடியாவும் பேசுகிறார்கள். 'தமிழ்க் குறும்படப் போட்டி' என்று தலைப்பு வைத்த மாத்திரத்தில் இவர்கள் விலகிக்கொள்வார்கள்.

கோப்பு வாங்குவதில் ஒரு கணக்கு. பத்து நிமிடப் படம், நொடிக்கு 20 மெகாபிட் (எம்பிபிஎஸ்) தரத்தில் சுமார் 1.5 ஜிபி வரும். கைப்பேசியில் தினம் 1.5 ஜிபி டேட்டா வைத்திருப்பவருக்கு ஒரு நாள் டேட்டா முழுக்க உங்களுக்கே போய்விடும். அதனால் பென்டிரைவில் நேரில் கொடுக்கவும் வழி வையுங்கள். மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியில் ஒருவரை வாங்கி வைக்கச் சொன்னால் போதும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் நசுங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை போகும்.

படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சாதி, பழங்குடி, பாலினம் பற்றிய கேள்வியைக் கட்டாயம் ஆக்காதீர்கள். அதற்குப் பதில் இரண்டு கேள்விகள் போதும். படத்தின் பெயர்ப்பட்டியலில் உங்கள் பெயர் எப்படி வர வேண்டும்? மேடையில் உங்களை எந்த இரண்டு வரியில் அறிமுகப்படுத்தலாம்? திருநர் மாணவரின் பழைய பெயர் கல்லூரிப் பதிவேட்டிலிருந்து சான்றிதழுக்குத் தாவுவது அடிக்கடி நடக்கும் தவறு. சான்றிதழ் அடிப்பவரிடம் பதிவேட்டைக் கொடுக்காமல் இந்தப் படிவத்தைக் கொடுத்தால் அந்தச் சிக்கல் வராது.

தேர்வு

தேர்வுக்குழு மூன்று பேருக்குக் குறையக் கூடாது, ஒரு படத்தை இரண்டு பேராவது முழுதாகப் பார்க்க வேண்டும். கல்லூரிப் பெயரையும் இயக்குநர் பெயரையும் மறைத்துப் பார்க்கலாம். ஆனால் அது மட்டும் போதாது. பெயரை மறைத்தாலும் கேமராவின் விலை திரையில் தெரியும். மதிப்பெண்ணில் தொழில்நுட்பத்துக்குக் கால் பங்குக்கு மேல் கொடுத்தால், வாடகைக்கு ட்ரோன் எடுத்தவர்தான் ஜெயிப்பார். ஒலி தெளிவில்லை என்று தள்ளிவைத்த படங்களை மட்டும் மறுபடி ஒருமுறை காதொலிப்பானில் கேளுங்கள். விசைத்தறி ஓடும் வீட்டில் எடுத்த படத்தில் தறிச் சத்தம் வசனத்தை மூடும். வசன வரி (சப்டைட்டில்) சேர்த்தால் அந்தப் படம் நிற்கும்.

90 நிமிடக் காட்சிக்கு 60 நிமிடப் படம் போதும். மிச்சம் 20 நிமிடம் உரையாடல், 10 நிமிடம் அறிமுகமும் தாமதமும். ஆசைப்பட்டு 80 நிமிடப் படம் திணித்தால் வெட்டுப்படுவது உரையாடல்தான்.

சட்டம், சுருக்கமாக

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புள்ளோர் மட்டும் பார்க்கும் திரையிடலுக்கு விலக்கு தருகிறது. பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தால் அந்தக் குடை மடங்கிவிடும். ஆகவே இயக்குநரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். படத்தில் சினிமாப் பாட்டு இருந்தால் மாற்றச் சொல்லி நான்கு வாரம் அவகாசம் கொடுங்கள். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். 1952ஆம் ஆண்டு சினிமாச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் மத்திய அரசு விலக்கு அளிக்கலாம். பொதுவிழா என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குத் திரைப்படப் பட்டியலோடு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

வசன வரி

தமிழ்ச் சொற்கள் நீளம். ஒரு வரிக்கு 35 எழுத்துக்குள், இரண்டு வரிக்கு மேல் இல்லாமல், குறைந்தது ஒன்றரை வினாடி நிற்கும்படி போடுங்கள். ஆங்கிலத்துக்குச் சொல்லும் 42 எழுத்துக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்தால் திரையின் இரு ஓரமும் முட்டும். கோப்பு யுனிகோடில் இருக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த வசனம் வேறு கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யுனிகோடாக இருந்தாலும் சில பிளேயர்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எனவே நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவில் வசனத்தைப் படத்திலேயே பதித்துவிடுவது பாதுகாப்பு.

கருத்தரங்க அறைகளில் தரை சமமாக இருக்கும். முன்வரிசைத் தலைகள் கீழ்வரியை மறைக்கும். திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருக்கட்டும்.

வெளிச்சம்

12 அடி அகலம், 6¾ அடி உயரத் திரை 81 சதுர அடி. 4,000 லூமன் (வெளிச்சத்தின் அலகு) புரொஜெக்டர் என்றால் சதுர அடிக்கு ஏறக்குறைய 49 லூமன் விழும், அரைவெளிச்ச அறைக்கு அது போதும். அறையை முழுக்க இருட்டாக்கிவிட்டால் 16 இருந்தாலே படம் நன்றாகத் தெரியும். ஆக, பெரிய புரொஜெக்டருக்கு வாடகை தருவதைவிட ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடிப்பது மலிவு.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. வாடகைக்கு வரும் புரொஜெக்டர் பெரும்பாலும் 'டைனமிக்' அல்லது 'பிரசன்டேஷன்' முறையில் இருக்கும். பவர்பாயின்ட் ஸ்லைடுக்கு அது சரி. படத்துக்கு வந்தால் வெளிச்சமான இடம் வெளுத்து, இருண்ட இடம் தார் பூசியதுபோல் ஆகும். கறுத்த முகங்களை இரவில், ஒற்றைக் குண்டு பல்பில் எடுத்த படங்களில் நடிப்பே காணாமல் போகும். நம் பட்டியலில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் அப்படி எடுத்தவை. 'சினிமா' முறைக்கு மாற்றுங்கள். பிறகு பட்டியலிலேயே மிக இருண்ட காட்சியை ஓடவிட்டு, கண்ணும் தாடையும் பிரிந்து தெரிகிற வரை காமாவை (இருளுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவிலுள்ள சாயல்களைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) சரிசெய்யுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, இருண்ட பகுதி மொத்தமாக மூடிக்கொண்டாலோ, மடிக்கணினியும் புரொஜெக்டரும் எச்டிஎம்ஐ கம்பி வழிப் போகும் வண்ண அளவில் (கலர் ரேஞ்ச்) ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். இரண்டையும் 'லிமிடெட்' அல்லது இரண்டையும் 'ஃபுல்' என்று ஒரே அமைப்பில் வையுங்கள். சாதாரண எச்டிஎம்ஐ கம்பி 15 மீட்டருக்கு மேல் நம்பிக்கையில்லை, ஒளியிழைக் கம்பி வாடகைக்கு எடுங்கள்.

சத்தம்

மடிக்கணினியின் காதொலிப்பான் துளையிலிருந்து ஒரே ஸ்டீரியோ முள்ளை (பிளக்) ஒலிக்கலவைப் பெட்டியான மிக்சரின் மைக் துளையில் நேராகச் சொருகுவது விபத்து. அந்தத் துளை ஒரு சமநிலை (பேலன்ஸ்டு) மோனோ உள்ளீடு, அது இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழிக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் வசனம் அப்படியே மறைந்து பின்னணி இசை மட்டும் மிஞ்சும். அரங்கில் உள்ளவர்கள் 'பையன் சரியாப் பதிவு பண்ணலைங்க' என்று படத்தின்மேல் பழி போடுவார்கள். ஒரு முள் இரண்டாகப் பிரியும் கம்பி வாங்கி, மிக்சரின் இரண்டு லைன் துளைகளில் தனித்தனியே சொருகுங்கள். 'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் மடிக்கணினியையும் மிக்சரையும் ஒரே மின்பலகைக்கு மாற்றிப் பாருங்கள்.

இடது பக்கம் மட்டும் ஒலி பதிவான படங்கள் எப்படியும் இரண்டு மூன்று வரும். வசனத்தை இரண்டு பக்கமும் பரப்பி, எல்லாப் படங்களின் ஒலி அளவையும் மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அலகு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். கைப்பேசிப் படங்களில் நொடிக்கான ஃபிரேம் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும், போகப்போக உதடும் ஒலியும் பிரியும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான எண்ணிக்கைக்கு மாற்றிவிட்டு, கடைசி நிமிடத்தை ஓட்டிப் பார்த்துச் சரிபாருங்கள். தொடக்கத்தைப் பார்த்தால் தெரியாது.

விழாவுக்கு முந்தின நாள் எல்லாப் படத்தின் முதல், நடு, கடைசி நிமிடத்தையும் அதே அரங்கில், அதே மடிக்கணினியில் ஓட்டுங்கள். இயக்குநர் வந்திருந்தால் அவரையும் உட்கார வையுங்கள். காலி அரங்கில் கணீரென்று கேட்பது கூட்டம் நிறைந்ததும் மங்கும், ஒலியைக் கொஞ்சம் ஏற்றிக் குறித்துவைக்க வேண்டும். புரொஜெக்டருக்கும் மடிக்கணினிக்கும் ஒரு யுபிஎஸ் வையுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் விளக்கு அணைந்தால், மறுபடி எரிந்து வெளிச்சம் வர நிமிடங்கள் ஆகும்.

மேடை

குத்துவிளக்கு, பொன்னாடை, உரை எல்லாம் சேர்த்து பத்து நிமிடம். படம் தந்தவர்களுக்குக் கேடயத்தைவிடப் பணம் உதவும். கேடயச் செலவை ஆளுக்குப் பிரித்து, போகவர பஸ் கட்டணத்தோடு அன்றே கையில் கொடுங்கள். ரசீது கொண்டுவந்தால் பிறகு தருவோம் என்றால் அவர் யாரிடமாவது கடன் வாங்கித்தான் வந்திருப்பார்.

உரையாடலில் முதல் கேள்வியை நெறியாளரே கேட்கட்டும், அதுவும் படத்தின் ஒரு காட்சியைப் பற்றி. 'உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க' என்று தொடங்கினால் இயக்குநர் காணாமல் போய்ப் பரிதாபத்துக்குரியவர் மட்டும் மேடையில் நிற்பார். சாதியைத் தோண்டும் கேள்வி வந்தால் நெறியாளர் அதை எடுத்துக்கொள்ளாமல் அடுத்த கைக்கு மைக்கை நகர்த்தலாம். சக்கர நாற்காலியில் வரும் இயக்குநருக்கு மேடைச் சரிவு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மேடை மூன்றடி என்றால் 36 அடி. அவ்வளவு இடமில்லாவிட்டால் எல்லோருமே தரையில் உட்கார்ந்து பேசுங்கள்.

ஊருக்குத் திரும்பும் படம்

1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கோயம்புத்தூர்க்காரர், ரயில்வே ஊழியராக இருந்தவர், புரொஜெக்டர் ஒன்றை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கூடாரத்தில் படம் காட்டினார். அதே வேலையை இந்தப் படங்களுக்கும் செய்யலாம். விழா முடிந்த மாதத்துக்குள், படம் எடுத்த ஊரிலேயே ஒரு திரையிடல். ஊரில் யாருடைய முகம் படத்தில் வருகிறதோ அவர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள். கோயம்புத்தூரில் காட்டச் சம்மதித்தவர் சொந்தத் தெருவில் காட்டச் சம்மதிக்காமல் இருக்கலாம்.

ஈரோட்டில் கிடைக்கும் வெள்ளைக் காடாத் துணியில் இரண்டு அகலத்தைச் சேர்த்துத் தைத்து, தையல் குறுக்காகப் படுத்திருக்கும்படி மாட்டுங்கள். பின்னால் கறுப்புத் துணி வைத்தால் வெளிச்சம் ஊடுருவாது. சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி ஆடியில் திரையைப் பாய்மரம் ஆக்கிவிடும், அந்த மாதங்களில் பள்ளிக்கூட வராந்தாச் சுவர்தான் திரை. மற்ற நாள்களில் துணியின் நான்கு மூலையோடு நிறுத்தாமல், ஓரம் முழுக்க அடிக்கு ஒரு கண் வைத்துத் தைத்து, கீழ் விளிம்பையும் இழுத்துக் கட்டுங்கள். கீழே கட்டாத திரையில் முகங்கள் படம் முழுக்க நெளிந்துகொண்டே இருக்கும்.