7541 துண்டுகளும் ஒரு மேசையும்: லெகோ மில்லேனியம் ஃபால்கனைக் கட்டி நிறுத்துவது எப்படி?

பெட்டி வந்து இறங்கியதுமே பிரித்துக் கொட்டிவிடக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

'ஸ்டார் வார்ஸ்' படங்களில் ஹான் சோலோ ஓட்டும் மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்தை, சேகரிப்பாளர்களுக்கான பெரிய மாதிரியாக, ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் துண்டுகளைத் தயாரிக்கும் லெகோ நிறுவனம் 2017இல் வெளியிட்டது. அதன் எண் 75192. மொத்தம் 7541 துண்டுகள். கட்டி முடித்தால் ஏறக்குறைய 84 செ.மீ. நீளம், 56 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம். சாதாரணப் புத்தக அலமாரியின் தட்டில் இது உட்காராது. கட்டிய பிறகு இடம் தேடியவர்கள் பலருடைய ஃபால்கன் கட்டிலுக்கடியில் தூங்குகிறது.

இப்படிப்பட்ட மாதிரிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான்: உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டில் ஒன்று, முடித்தபின் தூக்கி வைக்கும் இடத்தில் மற்றொன்று. நடுவில் இருக்கும் வேலைக்குப் பொறுமை இருந்தால் போதும். அதனால் அந்த இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன்.

லெகோவைத் தொட்டே பழக்கமில்லை என்றால் இதில் தொடங்க வேண்டாம். 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தின் டிலோரியன் கார் 1872 துண்டுகள்தான். 1989ஆம் ஆண்டு 'பேட்மேன்' படத்தின் பேட்மொபைல் 3306 துண்டுகள். காட்சிக்கு வைக்கச் சுழலும் பீடமும் அதனுடனேயே வருகிறது. கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

படி 1: வேலை செய்யும் இடம்

இரண்டு மூன்று வாரத்துக்கு யாரும் தொடாத மேசை வேண்டும். சாப்பாட்டு மேசை ஆகாது. தினமும் மூன்று வேளை எடுத்து வைப்பதிலேயே பாதித் துண்டுகள் காணாமல் போகும்.

விளக்கு வெள்ளை ஒளியாக இருக்கட்டும். மஞ்சள் வெளிச்சத்தில் கருஞ்சாம்பலும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். ஃபால்கனோ தலைமுதல் கால்வரை சாம்பல். அச்சுப் புத்தகத்தில் நிறம் புரியாத இடத்தில், லெகோ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதே வழிகாட்டியைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கண் பிழைக்கும்.

படி 2: பைகளைப் பிரித்தல்

பைகள் 1 முதல் 17 வரை எண்ணிடப்பட்டிருக்கும். ஓர் எண்ணுக்கு ஒரே பை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே எண்ணில் பல பைகள் இருக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து எண்வாரியாக அடுக்குங்கள். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் பிரியுங்கள். அது முடியாமல் அடுத்ததைத் தொடக் கூடாது.

பிரித்த துண்டுகளை நிறவாரியாக வகைப்படுத்துவதுதான் புதியவர்கள் முதலில் செய்வது. இங்கே அது வீண் உழைப்பு. சாம்பல் குவியல் ஒன்றுதான் மிஞ்சும். வடிவவாரியாகப் பிரியுங்கள்: தட்டுகள் (மெல்லிய தட்டையான துண்டுகள்) ஒரு தட்டத்தில், மேலே குமிழ் (துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும் சின்ன வட்டப் புடைப்பு) இல்லாத வழவழப்பான துண்டுகள் ஒன்றில், பின்களும் (துளைக்குள் சொருகும் இணைப்பு முளைகள்) அச்சுகளும் (நீளமான தண்டுகள்) ஒன்றில், மீதி சில்லறை எல்லாம் ஒன்றில். நான்கைந்து தட்டங்கள் போதும். இருபது கிண்ணம் வைத்துக்கொண்டு அழகு பார்ப்பவர்கள் கட்டுவதைவிடப் பிரிப்பதில்தான் அதிக நேரம் செலவிடுகிறார்கள்.

படி 3: எலும்புக்கூடு

முதல் சில எண்களில் நீங்கள் கட்டுவது விண்கலம்போல இருக்கவே இருக்காது. 'டெக்னிக்' என்று லெகோ அழைக்கும், பக்கவாட்டில் துளையிட்ட கட்டைகளைப் பின்களால் கோத்து ஒரு சட்டகம் செய்வீர்கள். கிலோக்கணக்கான எடையை இதுதான் தாங்கப்போகிறது. பலர் சலித்துப்போய் வேகமாக ஓடும் கட்டமும் இதுதான்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். 16 குமிழ் நீளமுள்ள டெக்னிக் கட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே 16 குமிழ்கள். பக்கவாட்டில் துளைகள் எத்தனை? 15. ஒவ்வொரு துளையும் இரண்டு குமிழ்களுக்கு நடுவில் வருவதால் ஒன்று குறைகிறது. நானோ குமிழை எண்ணி, ஏழாவது என்று முடிவுசெய்து, பின்னைச் சொருகிவிட்டேன். சட்டகம் உறுதியாகத்தான் இருந்தது, பார்வைக்கும் சரியாகத்தான் இருந்தது. மூன்று நாள் கழித்து ஒரு பக்கத் துண்டு பொருந்த மறுத்தது. அழுத்தினேன், திருப்பினேன், துண்டே கோணல் என்று திட்டினேன். பிறகுதான் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். எட்டு மில்லிமீட்டர் பிசகு. அதைத் திருத்த ஒரு முழு மாலை போயிற்று.

அதனால் துளையைத் துளையாகவே எண்ணுங்கள். படத்தில் எந்த முனையிலிருந்து எண்ணுகிறீர்களோ கையிலும் அதே முனையிலிருந்து எண்ணுங்கள். ஒவ்வோர் எண் முடிந்ததும், அந்த எண்ணின் கடைசிப் படத்தையும் கையிலிருப்பதையும் ஒரே கோணத்தில் வைத்து ஐந்து நிமிடம் ஒப்பிடுங்கள். அன்றைக்கே கண்டுபிடித்த தவறு அன்றைக்கே தீரும்.

பின்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கறுப்புப் பின்னில் மெல்லிய வரம்புகள் இருக்கும். துளைக்குள் இறுகப் பிடித்துக்கொள்ளும். வெளிர்சாம்பல் பின்னில் வரம்பு கிடையாது, தாராளமாகச் சுழலும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றும் சிரமமில்லாமல் நுழைந்துவிடும், அதுதான் ஆபத்து. அச்சுகளுக்குப் புத்தகத்திலேயே உண்மை அளவில் படம் இருக்கும். சந்தேகம் வந்தால் அச்சை அந்தப் படத்தின்மேல் வைத்துப் பாருங்கள்.

படி 4: அழுத்தம்

இரண்டு துண்டுகளுக்கு நடுவே தலைமுடி அளவு இடைவெளிகூட இருக்கக் கூடாது. இது அழகுக்காகச் சொல்வதில்லை, கணக்கு அப்படி. ஒரு தட்டின் உயரம் 3.2 மி.மீ.; ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 8 மி.மீ. ஐந்து தட்டுகளை அடுக்கினால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். துண்டுகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தும் வித்தைகள் பலவற்றுக்கு இந்தச் சமன்பாடுதான் அடிப்படை. ஐந்து தட்டிலும் துளித்துளி இடைவெளி விட்டால் பக்கத்துண்டு முட்டிக்கொண்டு நிற்கும்.

விரல்நுனி வலிக்கும். கட்டைவிரலின் சதைப்பகுதியால் அழுத்துங்கள். வலித்தால் அன்றைய வேலையை நிறுத்துங்கள். தவறாகப் பொருத்தியதைக் கழற்றப் பல்லைப் பயன்படுத்தாதீர்கள். பிளாஸ்டிக்கில் விழும் பல்தடம் போகாது. அதற்கென்று தனிப் பிரிப்பான் இருக்கிறது.

ஒவ்வோர் எண்ணின் முடிவிலும் சில சின்னத் துண்டுகள் மிஞ்சினால் பதற வேண்டாம். தொலைந்துபோகக்கூடிய குட்டித் துண்டுகளை நிறுவனமே கூடுதலாகப் போட்டிருக்கும். பெரிய துண்டு மிஞ்சினால் மட்டும் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டுங்கள்.

படி 5: மேற்பரப்பு

இனி கொண்டாட்டம். 1977இல் வெளியான முதல் படத்துக்காக ஃபால்கனைச் செய்த கலைஞர்கள், கடைகளில் விற்கும் பீரங்கி வண்டி, விமான மாதிரிப் பெட்டிகளிலிருந்து துண்டுகளை எடுத்து அதன் உடம்பெங்கும் ஒட்டினார்கள். குழாயும் முடிச்சுமாய் எந்திரம்போலத் தோன்றும் அந்த நுணுக்கத்தை, இந்தத் துறையில் இருப்பவர்கள் 'கிரீப்ளி' என்பார்கள். லெகோவில் அதே வேலையைச் சின்னச் சின்னச் சாம்பல் துண்டுகள் செய்கின்றன. ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைக் கவனித்தால் போதும்.

மேல்மூடித் தகடுகளில் பல இறுக்கமாகப் பூட்டப்படுவதில்லை, ஏறக்குறையச் சாய்ந்துதான் நிற்கும். அது உங்கள் தவறு அல்ல; வடிவமைப்பே அப்படி. அலைவாங்கித் தட்டுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: வட்டமானது பழைய படங்களுக்கு, நீள்சதுரமானது புதிய படங்களுக்கு. எனக்கு வட்டம்தான் ஃபால்கன். மற்றது உறைக்குள் கிடக்கிறது.

விவரப் பலகையின் ஒட்டுத்தாளை வெறும் கையால் ஒட்டாதீர்கள். பலகையில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு தடவி, இடுக்கியால் தாளை வைத்தால் நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் துடைத்துவிடுங்கள்.

படி 6: தூக்குதல், நிறுத்துதல்

முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகள் கைப்பிடிபோல அழைக்கும். பிடிக்காதீர்கள், கையோடு வந்துவிடும். வட்ட உடலின் அடியில் உள்ளங்கைகளை நுழைத்து, எலும்புக்கூட்டைத் தாங்கித்தான் தூக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் நல்லது. வேறு அறைக்குக் கொண்டுபோவதானால் மேல்தகடுகளைக் கழற்றித் தனியாக எடுத்துச் செல்லுங்கள்.

வைக்க இரண்டு வழி. ஒன்று, கண்ணாடி மேல்தட்டுள்ள தாழ்வான மேசைக்குள் கிடையாக வைப்பது. தூசு படாது, மேலிருந்து பார்க்கும் அழகும் கிடைக்கும். மற்றொன்று, சாய்வான தாங்கியில் நிமிர்த்தி நிறுத்துவது. இடம் கணிசமாக மிச்சமாகும், ஆனால் உயரம் 70 செ.மீ.யைத் தாண்டும். அந்தத் தாங்கி, தரையிறங்கும் கால்களையோ ஓரத்தையோ மட்டும் பிடிக்காமல் உள்ளே இருக்கும் சட்டகத்தையே பிடிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நிமிர்த்திய முதல் நாள் தளர்வான தகடு ஒன்றிரண்டு சரியும். அடியில் ஒரு போர்வையை விரித்துவிட்டு நிமிர்த்துங்கள்.

எந்த வழியானாலும் நேர் வெயில் கூடாது. லெகோ துண்டுகளில் பெரும்பாலானவை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், புறஊதாக் கதிர் பட்டால் வெளிர்நிறங்கள் மெல்ல மஞ்சளிக்கும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், ஜன்னல் இருக்கும் சுவரே நல்லது.

தூசுக்கு மென்மையான ஒப்பனைத் தூரிகை. அது நுழையாத இடுக்குக்குக் கேமரா துடைக்கும் காற்றுப் பந்து. கழுவியே ஆக வேண்டும் என்றால் 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத தண்ணீர், மென்மையான சோப்பு. ஒட்டுத்தாள் உள்ளவற்றை நனைக்க வேண்டாம்.

மிஞ்சிய குட்டித் துண்டுகளை ஒரு சின்ன உறையில் போட்டு வழிகாட்டிப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டிவையுங்கள். ஆறு மாதத்தில் தூரிகை பட்டு ஏதோ ஒரு குழாய்முனை தெறித்து அலமாரிக்குப் பின்னால் போய் விழும். என்னுடையது இன்னும் அங்கேதான் இருக்கிறது. கலத்தில் இப்போது நிற்பது அந்த உறையிலிருந்து எடுத்தது.