ஐந்து நாளில் அந்தமான்: கடலின் கணக்குப்படி ஒரு பயணத் திட்டம்

அந்தமானுக்குக் குறுகிய பயணம் போக எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அவற்றை நாள்களுக்குப் பங்கிடுகிறார்கள். ஊட்டிக்கோ மூணாறுக்கோ அந்த முறை சரிப்படும், அந்தமானுக்குச் சரிப்படாது. படகு எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, சூரியன் எப்போது மறைகிறது, கடல் எப்போது வற்றுகிறது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ப இடங்களைப் பொருத்தினால்தான் ஐந்து நாளும் முழுதாகக் கைக்குக் கிடைக்கும்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் புயல் சின்னங்கள் உருவாகும் காலம். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை கடல் பெரும்பாலும் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும். ஆண்டு இறுதி விடுமுறையில் கூட்டமும் கட்டணமும் ஏறிவிடுவதால், பிப்ரவரியையே நான் எல்லோருக்கும் சொல்வேன்.

அடுத்தது ஊர்ப்பெயர்கள். ஹேவ்லாக் தீவு 2018 இறுதியில் ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவு ஷஹீத் தீவு என்றும் பெயர் மாற்றப்பட்டன. தலைநகர் போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். பேச்சில் பழைய பெயர்களே இன்னும் வழங்குகின்றன. சீட்டுகளிலும் அறிவிப்புகளிலும் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால், பதிவு செய்யும்போது இரண்டு பெயர்களையும் தேடிப் பாருங்கள். நிக்கோபார் தீவுகளைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். அவை சுற்றுலாப் பயணிகளுக்குப் பொதுவாகத் திறந்தவை அல்ல.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் ஆகும் என்பதால் ஐந்து நாள் விடுப்பில் அது நடவாது. விமானச்சீட்டு கிடைத்த கையோடு பலரும் விடுதி அறையைத்தான் தேடுகிறார்கள். உண்மையில் அடுத்துப் பதிவு செய்ய வேண்டியது படகுச்சீட்டு. ஒரு நாளைக்குப் புறப்படும் படகுகள் எண்ணிக்கையில் குறைவு, இருக்கைகள் விரைவில் நிரம்பிவிடும். அறை எங்காவது கிடைத்துவிடும். படகில் இடமில்லை என்றால் ஒரு நாள் முழுவதும் வீணாகும். தனியார் விரைவுப் படகுகள் ஹேவ்லாக்குக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் சென்று சேர்கின்றன. அரசுப் படகுகளுக்குக் கட்டணம் குறைவு, நேரம் கூடுதல். எதில் சென்றாலும் அசல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். படகு ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது.

நான் முதன்முறை சென்றபோது கடைசி இரவை ஹேவ்லாக்கில் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் கடல் கொந்தளித்ததால் படகை நிறுத்திவிட்டார்கள். எங்கள் விமானம் எங்களை விட்டுவிட்டுப் பறந்துவிட்டது. கொந்தளிக்கும் கடலில் படகை விடாதது சரியான முடிவு. பிழை என் திட்டத்தில்தான். ஆகவே எவ்வளவு ஆசையாக இருந்தாலும், கடைசி இரவைப் போர்ட் பிளேரிலேயே வையுங்கள்.

சூரியனின் கணக்கும் முக்கியம். போர்ட் பிளேர் ஏறக்குறைய 92.7 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. இந்திய நேரம் கணக்கிடப்படுவதோ 82.5 பாகையில். பாகைக்கு நான்கு நிமிடம் என்று பார்த்தால், நம் கடிகாரத்தை விட அங்கே சூரியன் சுமார் 40 நிமிடம் முந்துகிறது. டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். எட்டு மணிக்கு எழுந்து, பத்து மணிக்குக் கிளம்பும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஐந்தரைக்கே வெளியே இறங்கிவிட வேண்டும்.

முதல் நாளைச் செல்லுலார் சிறைக்குக் கொடுங்கள். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட இச்சிறையில், நடுக் கோபுரத்திலிருந்து மாடிகள் கொண்ட ஏழு சிறகுகள் (கட்டடப் பகுதிகள்) சக்கரத்தின் ஆரங்கள்போல விரிந்திருந்தன. இன்று மூன்றே எஞ்சியுள்ளன. அவசரமாகப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், ஏதாவது ஓர் அறைக்குள் சென்று இரண்டு நிமிடம் நில்லுங்கள். எட்டாத உயரத்தில் ஒரு சிறு சாளரம். அதன் வழியே வானத்தின் ஒரு துண்டு தவிர வேறொன்றும் தெரியாது. கதவின் தாழ்ப்பாள் சுவருக்குள் தள்ளி அமைக்கப்பட்டிருப்பதால் உள்ளிருந்து கை நீட்டினாலும் எட்டாது. ஒரு சிறகின் முன்புறம் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருப்பதால், ஒரு சிறகில் இருந்த கைதி அடுத்த சிறகில் இருந்தவரின் முகத்தைப் பார்க்கவே முடியாது. நின்று பார்த்தபின் மாலை ஒலி-ஒளிக் காட்சிக்குச் சென்றால், அங்கே சொல்லப்படுவது நெஞ்சில் தைக்கும். அதற்கான சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். இரவு உணவுக்கு அபர்டீன் கடைத்தெருவுக்குச் சென்றால் தமிழ்ப் பேச்சு காதில் விழும். தலைமுறைகளாக அங்கே வாழும் தமிழர்கள் பலர்.

இரண்டாம் நாள் அதிகாலைப் படகில் ஹேவ்லாக். ராதாநகர் கடற்கரை மேற்குப் பார்த்தது என்பதால் அதை மாலைக்கு வையுங்கள். மூன்றரைக்குள் அங்கே இருக்க வேண்டும். காலாபத்தர் கடற்கரை கிழக்குப் பார்த்தது. மூன்றாம் நாள் விடியலுக்கு அதுவே பொருத்தம். அன்றே எலிஃபண்ட் கடற்கரைக்குப் படகில் சென்று, முகமூடி அணிந்து மிதந்தபடி பவளப்பாறைகளைப் பார்க்கலாம். காற்றுக் கலத்தோடு கடலுக்குள் மூழ்கிப் பார்க்க (ஸ்கூபா) விரும்புகிறவர்கள், மூழ்கியதற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விடுவது உடலுக்குப் பாதுகாப்பு.

நான்காம் நாள் நீல். இத்தீவில் இயற்கையாக அமைந்த பாறைப் பாலத்தைக் கடல் வற்றும்போதுதான் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் அங்கே நடந்து போகவே வழியிருக்காது. வற்றத்தில் பாறைக் குழிகளில் கணுக்கால் அளவு நீர் தேங்கி நிற்கும். குனிந்து பார்த்தால் கறுத்த கடல் அட்டைகளும், விரல் நீள மீன்களும், கல்லோடு கல்லாக ஒட்டிய நண்டுகளும் தெரியும். வற்றம் ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும். நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிகத் தாழ்வாக இறங்கும். பயணத் தேதிக்கான ஓத அட்டவணையை (கடல் ஏறும், வற்றும் நேரங்களின் பட்டியலை) பார்த்து, வற்ற நேரம் உங்கள் படகு நேரத்தோடு ஒத்துவராது என்று தெரிந்தால், நீலை இரண்டாம் நாளுக்கு முன்தள்ளி ஓர் இரவு தங்கிவிட்டு, ஹேவ்லாக்கைப் பின்னுக்கு வையுங்கள். பாறை வழுக்கும், பவளம் காலைக் கிழிக்கும்; பிடிமானமுள்ள செருப்பு கட்டாயம் வேண்டும். மாலைப் படகில் போர்ட் பிளேர் திரும்பி, ஐந்தாம் நாள் விமானம் ஏறலாம்.

பாராட்டாங் சுண்ணாம்புக் குகைகளைப் பலர் சேர்க்கச் சொல்வார்கள். அதற்கு ஒரு நாள் முழுவதும் போய்விடும். சாலையும் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதி வழியே செல்கிறது. அவர்களைப் படம் எடுப்பதும், அவர்களுக்குத் தின்பண்டம் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். அவர்கள் வாழும் இடத்தின் ஊடே வண்டியில் போய்வருவதை என் மனம் ஏற்காததால், நான் அதை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கரையில் கிடந்தாலும் பவளத் துண்டையோ சிப்பியையோ பைக்குள் போட வேண்டாம். விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், அபராதமும் வரலாம். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் நீரில் இறங்கவே கூடாது. ஹேவ்லாக்கிலும் நீலிலும் இணைய இணைப்பை நம்ப முடியாது என்பதால், போர்ட் பிளேரிலேயே போதிய ரொக்கம் எடுத்துக்கொண்டு, சீட்டுகளைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.