மும்பை லோக்கலில் முதலில் இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கோவில்பட்டியில் ரயில் வந்து நின்ற பிறகு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய்ப் பெட்டி தேடி ஏறிப் பழகியவள் நான். மும்பை லோக்கல் ஒரு ஸ்டேஷனில் அரை நிமிடம் நின்றாலே அதிகம். வேலைக்கு வந்து ஒன்றரை வருடமாக, புறநகர் டோம்பிவிலியிலிருந்து நகருக்குள் இருக்கும் தாதருக்கு தினமும் போய்வருகிறேன். புதிதாக வரும் பெண்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் போவது பெண்கள் பெட்டியில்; பொதுப் பெட்டி நிலவரம் எனக்குத் தெரியாது.

முதல் வாரம் காட்கோபரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போக, சாயங்காலம் ஆறரை மணிக்குத் தாதரில் கர்ஜத் வரை போகும் ஃபாஸ்ட் வண்டி ஒன்றில் ஏறினேன். ஏறினேன் என்ன ஏறினேன், பின்னால் நின்றவர்கள் தள்ளியதில் உள்ளே போய்ச் சேர்ந்தேன். காட்கோபர் வந்ததும் வாசல் பக்கம் திரும்பினேன். அதற்குள் கீழே நின்ற கூட்டம் ஏறத் தொடங்கிவிட்டது. வண்டி கிளம்பி, தானேயில்தான் இறங்க முடிந்தது. ஒரு காதில் கம்மல் இல்லை. அத்தை போனில், "ஏட்டி, எங்க நிக்க?" என்றார். "தானேல நிக்கேன் அத்தை." "அங்க எதுக்குட்டி போன?"

அதனால் இறங்குவதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் ஸ்டேஷன் வரும்போது எழுந்தால் காரியம் நடக்காது, முந்தின ஸ்டேஷனிலேயே எழுந்துவிட வேண்டும். தாதரில் இறங்க வேண்டுமென்றால் குர்லா வரும்போதே வாசல் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டு "தாதர்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் தலையாட்டினால் அவர் பின்னால் நில்லுங்கள், இல்லையென்றால் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். கேட்காமல் இடித்துக்கொண்டு போனால்தான் திட்டு விழும். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தேர்ந்தெடுக்க இண்டிகேட்டர் போர்டில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: எந்த ஊர் வரை போகிறது, ஃபாஸ்டா ஸ்லோவா. போர்டில் எஃப் என்றிருந்தால் ஃபாஸ்ட், எஸ் என்றிருந்தால் ஸ்லோ. ஃபாஸ்ட் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது. பக்கத்தில் இறங்குபவர்கள் நெரிசல் நேரத்தில் கர்ஜத், கசாரா போன்ற தூரத்து வண்டிகளில் ஏறவே கூடாது. அதில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் நிற்கப் போகிறவர்கள் இருப்பார்கள், உங்களைப் பார்த்து முறைப்பார்கள். அவர்கள் முறைப்பதிலும் நியாயம் இருக்கிறது.

பெண்கள் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று தேடி அலைய வேண்டாம். பெண்கள் கூடி நிற்கும் இடம்தான் அடையாளம். பையை முதுகில் போடாமல் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். துப்பட்டாவைப் பைக்குள் திணித்துவிடுங்கள். இறங்குபவர்களுக்கு வழி விட்டு, வாசலின் ஓரத்தில் நில்லுங்கள். ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டி பக்கத்திலேயே இருக்கும், அவசரத்தில் வித்தியாசம் தெரியாது. செகண்ட் கிளாஸ் பாஸோடு ஏறி மாட்டினால் அபராதம்.

சீட் விவகாரம்தான் எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. உள்ளே போனதும் உட்கார்ந்திருப்பவரிடம் "கஹாங் உதரோகே?" (எங்கே இறங்குவீர்கள்?) என்று கேட்பார்கள். அவர் "தானே" என்பார். கேட்டவருக்கு அந்த சீட் பதிவாகிவிட்டது. அவர் நாலு பேர் தள்ளி நின்றாலும் சரி, தானேயில் அந்த சீட் அவருக்குத்தான். நான் ஒருநாள் காலியான சீட்டில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தூரத்தில் நின்ற பெண்ணைக் கையால் காட்டினார். எழுந்துகொண்டேன். இப்போது ஏறியதும் நானும் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகிறேன். மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஓரத்தில் ஒட்டிக்கொள்ளவும் இடம் உண்டு. "தோடா சர்கோ" (கொஞ்சம் நகருங்கள்) என்றால் நகர்ந்துகொள்வார்கள். பாதி உடம்பு அந்தரத்தில்தான் இருக்கும், ஆனாலும் காலுக்கு ஓய்வு.

வாசலில் தொங்காதீர்கள். காற்று சுகமாகத்தான் இருக்கும். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா பக்கத்தில் ஒரு வளைவில், நெரிசலில் வாசலில் தொங்கியபடி வந்தவர்களில் சிலர் கீழே விழுந்து உயிரிழந்தார்கள். அது நான் தினமும் போகும் பாதை. அந்த வளைவு வரும்போது இன்றைக்கும் பெட்டிக்குள் கொஞ்சம் பேச்சு குறையும். பத்து நிமிடம் பொறுத்தால் அடுத்த வண்டி வந்துவிடும். மேனேஜர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

காலையில் உட்கார்ந்து போக ஆசையென்றால் டோம்பிவிலியிலிருந்தே கிளம்பும் வண்டிக்கு முயற்சி செய்யலாம். ஆனால் அது காலியாக வரும் என்று நம்ப வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள், அதே வண்டி டோம்பிவிலிக்கு வரும்போதே முந்தின ஸ்டேஷனில் ஏறி, இறங்காமல் உட்கார்ந்து வந்திருப்பார்கள்.

மாத பாஸ் எடுத்துவிடுங்கள், தினமும் டிக்கெட் வரிசையில் நின்று மாளாது. மழைக்காலத்தில் போனுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் எப்போது வீடு சேர்வோம் என்று சொல்ல முடியாது, பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் கிடக்கட்டும்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்காவது கிளம்பினால் முதலில் மெகா பிளாக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு வேலைக்காகப் பகலில் சில மணி நேரம் ஒரு பாதையை நிறுத்திவைப்பார்கள். அத்தை வீட்டு மதியச் சாப்பாட்டுக்கு நான் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்ததும் அப்படித்தான். ரசம் மட்டும் மிச்சம் இருந்தது.