ஸ்பூல் டேப்பில் குரல் அமுங்கிக் கேட்கிறதா?

தருமபுரிப் பக்கம் எங்கள் ஊரில் நடந்த பாரதக் கூத்தை மாமா ஸ்பூல் டேப்பில் (திறந்த சக்கரத்தில் சுற்றிய ஒலிநாடா) பதிந்து வைத்திருந்தார். அதைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தால், துரியோதனன் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது. டேப் செத்துவிட்டது என்றே நினைத்தேன். இல்லை, டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டில்தான் பழுப்பு அழுக்கு.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, குச்சி சுத்தமாக வரும் வரை ஹெட்டைத் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு மட்டும் ஆல்கஹால் வேண்டாம், இறுகிவிடும். ஈரத் துணி போதும். அப்புறமும் மந்தமாக இருந்தால் டேப் புரண்டிருக்கிறதா பாருங்கள்: காந்தப் பூச்சுள்ள பக்கம்தான் ஹெட்டைத் தொட வேண்டும்.

அதுவும் சரி என்றால், ஹெட்டின் சாய்வு பிசகியிருக்கலாம். சாய்வை மாற்றும் திருகின் பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, துளித் துளியாகத் திருப்பியபடி ஜால்ராச் சத்தத்தைக் கவனியுங்கள். அது பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். (கூத்து டேப்பில் ஜால்ராவுக்குப் பஞ்சமே இல்லை.) வேறு மெஷினில் பதிந்த டேப் என்றால் மறுபடியும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

டேப்பை விநாடிக்கு 19 செ.மீ. வேகத்துக்குப் பதில் 9.5இல் ஓட்டிவிட்டால்கூட மென்பொருளில் வேகத்தைத் திருத்தலாம். கணினியில் அமுங்கிப் பதிந்ததை மீட்பது கஷ்டம். டேப் ஒட்டிக்கொண்டு கிறீச்சிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள், பூச்சு உரிந்து வந்துவிடும்.